காய்ந்த பழம் வாங்கிய கருவாட்டுக்காரன்

அன்பு மகள் சுபிதாவுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் கிருபையால் நானும் அம்மாவும் உன் அண்ணன் லிஜினும் அண்ணி பிரிஜாவும் சுகம், அயர்லாந்தில் நீயும் சுகமாயிருக்க தினமும் ஜெபமாலையில் உன் பெயரைச் சொல்கிறோம். போனில் பேசலாம்தான், ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ நர்ஸாகிவிடுகிறாய், அம்மாவும் குறுக்கே வந்துவிடுகிறாள். அதனால் அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன், பிரிஜா படம் பிடித்து அனுப்புவாள். வேலையை விடுவதாக மாதக் கடைசியில் எழுதிக் கொடுக்கப்போகிறாயாம். அதற்கு முன் இதை முழுசாகப் படி.

சாப்பிட்ட பிறகு எனக்குச் சுகர் முந்நூற்றுப் பத்துக்குப் போனதைப் பார்த்துத்தானே பயந்து வேலையை விட்டு வருகிறேன் என்றாய், அது எப்படி ஏறியது என்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. சாப்பாட்டோடு ஒரு கைப்பிடி பெர்ரிப் பழம் தின்றால் சுகர் சட்டென்று ஏறாதாம், வாங்கித் தின்னுங்கள் என்று நீ சொன்னாய் அல்லவா, நாகர்கோவிலில் ஒரு பெரிய கடையில் போய்க் கேட்டேன். பச்சையாகவும் இருந்தது, காய்ந்ததும் இருந்தது. நாற்பது வருஷம் கருவாடு விற்றவன் எதை எடுப்பேன். காய்ந்தால் சத்து இறுகும், கெட்டும் போகாது என்று காய்ந்ததில் நான்கு பாக்கெட் எடுத்தேன். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றுவிட்டு மேலே ஒரு கைப்பிடி, நல்ல தித்திப்பு. இரண்டு நாளில் அது இரண்டு கைப்பிடி ஆயிற்று, அதுதான் மருந்து தின்கிறோமே என்று மரச்சீனியும் கொஞ்சம் கூடிப்போயிற்று. பத்தாம் நாள் அந்த நம்பர்.

சுகாதார நிலையத்து நர்ஸ் ஞானபாய் வீட்டுக்கு வந்தவள் பாக்கெட்டைத் திருப்பிப் படித்துவிட்டு, அண்ணே இதுல பாதியும் சீனிதானே கெடக்கு, நீங்க மிட்டாயாக்கும் தின்னுட்டு இருக்கிய என்றாள். கருவாட்டில் உப்பு கூடினால் தூர நின்றே சொல்லுவேன், பழத்துக்கு மேலே சீனி போடுவான் என்று நான் கண்டேனா. அம்மா திட்டியதை எழுதினால் தாள் போதாது. இப்போது ஞாவல் பழக் காலம், கருங்கல் சந்தையில் கூடை கூடையாய் வருகிறது. இதையே சோற்றோடு எட்டுப் பத்து தின்னுங்க, சோறு பாதி போதும், மரச்சீனியைத் தொடாதிங்க, மாத்திரையை விடாதிங்க, சாப்பிட்டதும் கொஞ்சம் நடங்க என்று சொல்லிப்போனாள். அப்படியே செய்கிறேன். நாக்கெல்லாம் நீலம், நற்கருணைக்கு நாக்கை நீட்டினால் சாமியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நேற்று சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தது நூற்றெழுபத்திரண்டு. இன்சுலின் ஊசி இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழம் ஒரு துணைதான், மரச்சீனியை விட்டதும் நடந்ததுமே பெரிய காரணம் என்கிறார். அவர் படித்தவர், சொல்லட்டும், நான் ஞாவல் பழத்தின் கட்சி.

இனி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். ஞானபாய் பாக்கெட்டைப் படித்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நீ வேலையை விட்டு வருகிறாய் என்றதும் அம்மா உன் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் கூப்பிட்டுவிட்டாள், எனக்கும் ஆசையாகிவிட்டது மக்கா. ஆறு வருஷம் ஆயிற்றே. சீனி தின்றுதான் ஏறியது என்று தெரிந்தால் நீ வரமாட்டாய், அதனால் நான் வாயைத் திறக்கவில்லை, அம்மாவும் திறக்கவில்லை. நேற்று அந்த நம்பரைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, ஐயோ இனி மகள் வரமாட்டாளே என்பதுதான். அப்புறம்தான் வெட்கமாக வந்தது. மூன்று தடவை பரீட்சை எழுதி வாங்கின வேலை அது, அதை என் நாக்கு ருசிக்காக நீ விடக் கூடாது.

ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணியாகக் காக்கட்டும். மழையில் நனைந்து பஸ்ஸுக்கு நிற்காதே, நைட் டியூட்டி முடிந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு. அந்த ராஜினாமாவை எழுதியிருந்தால் கிழித்துப் போட்டு, கிழித்தேன் என்று ஒரு வார்த்தை அனுப்பு, அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். கிறிஸ்மஸுக்கு லீவு கிடைத்தால் வா. அப்பாவுக்குச் சுகமில்லை என்று வராதே, அப்பா கூப்பிட்டேன் என்று வா.

உன்னைக் காணாமல் தேடுகிற அப்பா,
ஆன்ட்ரூஸ்