ஆளில்லாத கப்பலில் பெரிய தேக்சா

பழவேற்காட்டில் உன் தங்கை மகளின் நிக்காஹ் போன வாரம் நடந்தது. சாப்பாட்டுப் பந்தலுக்குப் பின்னால் விறகுப் புகையும் நெய்யும் சேர்ந்து மணத்தன. எட்டிப் பார்த்தேன். கல் அடுப்பின் மேல் ஒரு தேக்சா, உள்ளே ஓர் ஆள் குந்தி உட்காரலாம் போல அவ்வளவு பெரியது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு சமையல்காரர் கரண்டியை நிறுத்தினார்.

"இன்னா சார், பிரியாணி வோணுமா, தேக்சா வோணுமா?"

சிரித்துவிட்டேன், வக்கீலே. அந்தப் பாத்திரத்தைப் பார்த்தால் மற்றவர்களுக்குப் பசி வரும். எனக்கு நீ வருகிறாய். நீ போய் வருடம் ஒன்று ஆகப்போகிறது.

பத்திரிகைக்குச் செய்தி எடுக்கப் பொன்னேரி கோர்ட்டுக்கு வந்துபோன இத்தனை வருடத்தில் உன்னைப் போல இன்னொரு வக்கீலை நான் பார்த்ததில்லை. கேஸ் கூப்பிடும் வரை மற்றவர்கள் அரசியல் பேசுவார்கள். நீ மட்டும் இருநூறு வருடத்துக்கு முந்தைய கடல் ஒப்பந்தங்களைப் படித்துக்கொண்டிருப்பாய். உன் ஊர்க் கோட்டையிலிருந்து டச்சுக்காரர்கள் துணி மூட்டைகளோடு மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றிப்போனார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து உனக்கு அந்தப் பைத்தியம். அந்த வியாபாரத்தை ஆரம்பித்தவர்களைவிட அதை நிறுத்தப் பேசியவர்கள்தான் உன்னை அதிகம் இழுத்தார்கள். நிறுத்த வேண்டும் என்று எல்லா நாடும் ஒப்புக்கொண்ட பிறகும் ஏன் அத்தனை காலம் இழுத்தது என்பதே உன் கேள்வி.

"கொடிதான்யா காரணம்" என்பாய். "எங்கொடி பறக்கற கப்பல்ல நீ எப்டி ஏறலாம்னு சண்டை. அவன் கொடிய ஏத்திக்கினா இவன் தொட முடியாது. இவன் கொடிய ஏத்திக்கினா அவன் தொட முடியாது. நடுவுல அடைபட்டுக் கெடந்தவனுக்கு ஏது கொடி?"

சோதனை போடலாம் என்று சில நாடுகள் சம்மதித்த பிறகும் ஒரு ஓட்டை இருந்தது. கப்பலில் அடிமை ஒருவராவது இருந்தால்தான் பிடிக்கலாம். கடற்படைக் கப்பல் தூரத்தில் தெரிந்ததும் கப்பல்காரன் ஆட்களைக் கரையில் இறக்கிவிடுவான்; சில சமயம் கடலிலேயே தள்ளிவிடுவான். பிறகு கையை விரிப்பான். அதற்காகத் தூதர்கள் மறுபடி உட்கார்ந்து பேசி ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஆள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மாலுமிகளின் தேவைக்கு மீறிய தண்ணீர்ப் பீப்பாய், அளவுக்கு மீறிய சமையல் கொப்பரை, விலங்குச் சங்கிலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அது அடிமைக் கப்பல் என்றே கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கப்பல்காரன் பாடு. அதற்கு முதலில் சம்மதித்தவர்களில் உன் ஊர் டச்சுக்காரர்களும் உண்டு என்று சொல்லும்போது உன் முகத்தில் பெருமையா எரிச்சலா என்று எனக்குப் புரிந்ததே இல்லை. "அடிமைக் கப்பலப் புடிச்ச வெள்ளக்காரனே அப்பறம் நம்ம ஆளுங்கள கூலிக் கப்பல்ல அனுப்புனான். ரொம்ப மெச்சிக்காத" என்று உடனே என்னை அடக்கிவிடுவாய்.

இதெல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது, எதற்கு உதவும் என்று நான் உன்னைச் சீண்டிக்கொண்டே இருந்தேன், அந்த ஒடிசாக்காரன் உன் அலுவலகத்துக்கு வரும் வரை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்புறம் பழைய பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் ஒரு கொட்டகையிலிருந்து சுவரேறிக் குதித்து வந்திருந்தான். முன்பணம் கொடுத்து அழைத்து வந்தவர்கள் வெளியே விடுவதில்லை. மனைவியும் மற்றவர்களும் இன்னும் உள்ளே. உன் வாப்பா ஒடிசா, கல்கத்தா வரை லுங்கி வியாபாரம் செய்தவர் என்பதால் உனக்கு இந்தியும் கொஞ்சம் ஒடியாவும் வரும். அவன் சொல்லச் சொல்ல நீ எனக்குச் சொன்னாய். ஒரே பயம்தான் அவனுக்கு. தான் தப்பியது தெரிந்தால் அவளை வேறெங்காவது மாற்றிவிடுவார்கள், பிறகு கண்டுபிடிக்க முடியாது.

வருவாய்த் துறை அதிகாரி அம்மாவை அழைத்துக்கொண்டு மறுநாளே போனோம். கொட்டகையில் மேனேஜர் மட்டும் நின்றிருந்தான்.

"நைட்ல யாரும் தங்கறது இல்ல மேடம். எல்லாம் லோக்கல் ஆளுங்க. இன்னிக்கு லீவு வுட்டாச்சு."

அந்த அம்மா நல்லவர். ஆனால் கையில் பேனாவோடு நின்றார். "ஆளே இல்லாம நான் என்னன்னு சார் எழுதறது? யாரும் இல்லைன்னுதான் எழுத முடியும்." ஒடிசாக்காரன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நீ பின்பக்கம் போனாய். "இங்க வாங்க மேடம்" என்று குரல் வந்தது. அங்கே வரிசையாகத் தண்ணீர் டிரம்கள். அடுப்பின் மேல் ஒரு தேக்சா. எதிரே ஒரு அறை, அதற்கு வெளிப்பக்கம் மட்டும் தாழ்ப்பாள்.

"இது யாருக்குப்பா?" என்று தேக்சாவைத் தட்டிக் கேட்டாய்.

"கோயிலுக்குக் கூழ் ஊத்துனோம் சார்."

"மார்கழில இன்னாய்யா கூழு? ஆடி மாசம் எதுன்னு உனுக்கு ஒரு பாய் வந்து சொல்லணுமா?"

அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீ மூடியைத் திறந்தாய். சோறு இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"மேடம், ஆளக் காட்டுன்னுதான் அந்தக் காலத்துக் கப்பல்காரனும் கேட்டான். சட்டி இருக்கு, தண்ணி இருக்கு, தாப்பா இருக்கு. ஆளு இல்லன்னு இவன் நிரூபிக்கட்டும்" என்றாய். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு மேனேஜர் பக்கம் திரும்பினார். அதுவரை அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆட்களை ஒரு வேனில் ஏற்றி நெல்லூர் பக்கம் அனுப்பியதை அவன் ஒப்புக்கொண்டான்.

எளாவூர் சோதனைச் சாவடிக்குப் போன் போனது. வேன் தாண்டிவிட்டிருந்தது. "ஆந்திராவுக்குள்ள போயிட்டா நம்ம கையில இல்ல சார்" என்றார் அந்த அம்மா. நீ என்னைப் பார்த்து, "பாத்தியா, கொடி மாறிடுச்சு" என்றாய். அப்போது உன் முகத்தில் சிரிப்பில்லை. அந்த அம்மா சற்று யோசித்தார். பிறகு எல்லைக்கு அப்பாலிருந்த அதிகாரி ஒருவருக்குப் போன் போட்டு, பாதித் தெலுங்கிலும் பாதி இங்கிலீஷிலும் கெஞ்சினார், அதட்டினார், மறுபடி கெஞ்சினார். நீ பக்கத்தில் நின்று தெலுங்கு வார்த்தைகளை எடுத்துக்கொடுத்தாய். ஒப்பந்தம் ஏதும் கையெழுத்தாகவில்லை. அந்த மனிதர் சரி என்றார், அவ்வளவுதான்.

வெளிச்சம் இருக்கும்போதே வேன் திரும்பி வந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியில் அவள். கணவனைப் பார்த்ததும் அழுவாள் என்று நினைத்தேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவனைப் பிடி பிடி என்று பிடித்தாள்.

"இன்னா சொல்றா?" என்று கேட்டேன்.

"செருப்பக்கூடப் போடாம ஓடிட்டியே, காலப் பாருன்னு திட்றா."

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். நீ கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாய். கொஞ்சம் அதிக நேரம் துடைத்தாய். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் நீ ஒரே ஒரு முறைதான் பேசினாய். "அந்தப் பிரிவ எழுதுனவனுக்கு இன்னிக்கு ஒரு டீ வாங்கித் தரணும்யா." அவனுக்குப் பதிலாக நாம் இருவரும் குடித்தோம்.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளில்கூட எனக்குள் முதலில் எழுந்தது அந்த மாலையின் நிம்மதிதான். அவள் திட்டிய குரல் காதில் இருந்தது. துக்கம் பின்னால்தான் வந்தது.

நேற்று ஆரம்பாக்கம் பக்கத்தில் இன்னொரு கொட்டகை பற்றிப் புகார். 'அடைத்து வைக்கப்பட்டவர்கள் யாரும் இல்லை என்று அதிகாரிகள் தெரிவித்தனர்' என்று தட்டச்சு செய்தேன். விரல் நின்றுவிட்டது. அந்த வரியை அழித்துவிட்டு பஸ் ஏறினேன். கேட் திறந்தே கிடந்தது. வாசலில் நாலைந்து பேர் உட்கார்ந்து அவரவர் போனில் வீட்டாரோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், கடைக்குப் போனான். திரும்பி வந்து அதே வரியை மறுபடி எழுதினேன். 'அதிகாரிகள் தெரிவித்தனர்' என்பதை மட்டும் எடுத்துவிட்டு, 'நமது நிருபர் நேரில் கண்டார்' என்று போட்டேன்.