மூத்தவர், மினுக்கி, பெட்டி

மார்ச் 3, திங்கள்

காலையில் மேனேஜர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே ஏதோ வேலை வருகிறது என்று அர்த்தம். ஏப்ரலில் ஆபீசுக்குப் புது கம்ப்யூட்டர்கள் வருகின்றன. வெப்சைட் பக்கங்களை வரைய நான் பதினொரு வருடமாக வைத்திருக்கும் சாஃப்ட்வேர் அதில் ஓடாதாம். அதன் புதுப் பதிப்பை வாங்கலாமா, வேறு ஏதாவது வாங்கலாமா என்று பார்த்து ரிப்போர்ட் தர வேண்டும். "நீங்க சொல்றதுதான் மேடம். ஆனா மூணு வருஷத்துக்குக் கையெழுத்து. நடுவுல மாத்த முடியாது."

என்னைக் கேட்டார்கள் என்பதில் பெருமைதான். ஆனால் வேறொன்று வாங்கினால்? பழையதில் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்வேன். புதியதில் நேற்று சேர்ந்தவர்களும் நானும் ஒன்று. நாற்பத்தாறு வயதில் இது தேவையா?

மார்ச் 5, புதன்

மூன்றை எடுத்துக்கொண்டேன். கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர்கள் வாயில் நுழையவில்லை, நானே வைத்துக்கொண்டேன். பழையதின் புதுப் பதிப்பு, மூத்தவர். திறந்தவுடன் ஜிகினா வேலை காட்டுவது மினுக்கி. மூன்றாவதில் எதையும் நினைத்த இடத்தில் வைக்க முடியாது. எழுத்துக்கு ஒரு பெட்டி, அந்தப் பெட்டியை வைக்க இன்னொரு பெட்டி. ஒன்றை இழுத்தால் மற்றது நகர்கிறது. அதன் பெயர் பெட்டி. ஒரு பட்டனை நடுவில் நிறுத்த அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன்.

மார்ச் 7, வெள்ளி

பரீட்சை வைத்தேன். ஒரு கம்பெனியின் 'எங்களைப் பற்றி' பக்கம்: ஒரு படம், நாலு வரி, ஒரு பட்டன். மூன்றிலும் வரைந்து நேரம் குறித்தேன். மூத்தவரில் ஒன்பது நிமிடம், மினுக்கியில் இருபத்தாறு, பெட்டியில் ஐம்பத்திரண்டு.

மௌனி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் வரைந்து கொடுப்பதை கோடிங் எழுதி வெப்சைட்டாகக் கட்டுபவர். நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிசயம். மனைவிக்குப் பிரசவம் என்று பிப்ரவரி முழுக்க லீவில் இருந்துவிட்டு வந்திருக்கிறார்.

"போன்ல எப்படி வருதுன்னு பாத்தீங்களா?" என்றார்.

"அது உங்க வேலை இல்லையா?" என்றேன். போய்விட்டார்.

அவர் லீவில் இருந்தபோது கண் மருத்துவமனையின் வெப்சைட்டைக் கட்ட வெளியிலிருந்து ஒருவர் வந்தார். நான் வரைந்ததை இம்மி பிசகாமல் அப்படியே கட்டிக் கொடுத்தார். மௌனி கட்டினால் எப்போதும் ஏதாவது ஒன்று கொஞ்சம் இடம் மாறியிருக்கும். கேட்டால் தோளைக் குலுக்குவார்.

மார்ச் 11, செவ்வாய்

ஐம்பதுக்கு மொத்த மார்க்: மூத்தவர் 41, மினுக்கி 30, பெட்டி 22.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "பரீட்சை வெச்சது யாரு?" என்றார். நான்தான். "கேள்வித்தாள் போட்டது?" அதுவும் நான்தான். சிரித்துக்கொண்டே பல் தேய்க்கப் போனார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 13, வியாழன்

ரிப்போர்ட் கொடுத்தாயிற்று. மூத்தவரே. திங்கட்கிழமை மதியம் கையெழுத்து.

மார்ச் 15, சனி

அக்கா வந்திருந்தாள். இடது கண் மங்கலாகத் தெரிகிறதாம். நான் வரைந்த பக்கம் என்பதால் அதே கண் மருத்துவமனை வெப்சைட்டில் நேற்றைய தேதிக்குப் பதிவு செய்திருக்கிறாள். இரண்டு பஸ் மாறிப் போனால், பெயரே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி அடுத்த மாதத் தேதிகள் திறந்த பிறகுதான்.

"உன் பேஜ்ல தப்பு இருக்காது. நான்தான் எதையோ அமுக்காம விட்டுட்டேன். வயசாகுதுல்ல."

போனை வாங்கிப் பார்த்தேன். எழுத்தை ஆகப் பெரிதாக வைத்திருக்கிறாள். பெயர் எழுதும் கட்டம் வந்தது, தேதி வந்தது. 'உறுதி செய்' பட்டன் வரவில்லை. பெரிதான எழுத்து அதைக் கீழே தள்ளி, அடியில் நான் அழகுக்காக நிறுத்திய மஞ்சள் பட்டைக்குப் பின்னால் மறைத்துவிட்டது. எவ்வளவு இழுத்தாலும் வெளியே வரவில்லை. வேறு எதுவும் அமுக்க இல்லாததால் வேலை முடிந்தது என்று அவள் மூடியிருக்கிறாள்.

என்னையே திட்டிக்கொண்டேன்: கண்ணு தெரியாதவங்க வர்ற ஆஸ்பத்திரி. எழுத்தைப் பெருசா வெச்சுதானே படிப்பாங்க? இது கூடவா உனக்குத் தோணல?

அக்காவிடம் சொல்லவில்லை. "அடுத்த தடவை நானே போட்டுத் தர்றேன்" என்று மட்டும் சொன்னேன். தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

மார்ச் 16, ஞாயிறு

என் போனிலும் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே மஞ்சள் பட்டை.

மார்ச் 17, திங்கள்

முதல் வேலையாக மௌனியிடம் போய்ப் பக்கத்தைக் காட்டினேன். பார்த்தவுடன், "அப்படியேவா கட்டிட்டாரு?" என்றார். பிறகு தன் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலைத் திறந்தார். தலைப்பு: 'மேடம் வரைந்தது – நகர்த்தியது'. ஆறு வருடத்தில் நூற்று அறுபத்து மூன்று.

"போன்ல இடிக்கும். நகர்த்திடுவேன்."

"ஏன் சொல்லல?"

"வந்த புதுசுல ரெண்டு தடவை சொன்னேன். மூணு நாள் பேசாம இருந்தீங்க."

எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் நான் செய்யக்கூடியதுதான்.

இரண்டு பேரும் அந்த ஆஸ்பத்திரிப் பக்கத்தை மூன்று சாஃப்ட்வேரிலும் போட்டு எழுத்தைப் பெரிதாக்கினோம். மூத்தவரில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தது. மினுக்கியும் அதே கதை. பெட்டியில் பட்டன் கீழே இறங்கியது, பட்டையும் கூடவே இறங்கி வழிவிட்டது. ஒன்றை இழுத்தால் மற்றது நகர்கிறது என்று திட்டினேனே, அதேதான்.

மதியத்துக்குள் மௌனி பக்கத்தைச் சரிசெய்துவிட்டார். நான் மேனேஜரிடம் போய், "கையெழுத்து போடாதீங்க சார். நான் ஜெயிக்கிற மாதிரி கேள்வி போட்டுட்டேன்" என்றேன். அக்கா விஷயத்தையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்து தவறு எங்களுடையது என்றார். இன்னும் எத்தனை பேர் திரும்பிப் போனார்களோ. அவமானமாக இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

புது ரிப்போர்ட், அரைப் பக்கம். பெட்டி வாங்கலாம். சில மாதங்கள் என் வேலை மெதுவாக நடக்கும் என்பதையும் எழுதினேன். அந்த வரியை இரண்டு தடவை அழித்து எழுதினேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

பெட்டியில் முதல் வாரம். ஒரு நாள் வேலைக்கு மூன்று நாள் ஆகிறது. மேனேஜர் கடந்து போகும்போதெல்லாம் முதுகு கூசுகிறது. மௌனியின் பட்டியலை இப்போது நானே கேட்டு வாங்குகிறேன். இந்த வாரம் இரண்டுதான்.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 9, புதன்

அக்கா போன் செய்தாள். நான் போட்டுத் தருகிறேன் என்றதைக் கேட்காமல் அவளே பதிவு செய்திருக்கிறாள். "பதினாறாம் தேதி, பத்தரை மணி. மெசேஜ் கூட வந்துருச்சு. இந்தத் தடவை ஒழுங்கா அமுக்கிட்டேன்."

"அன்னைக்கும் நீ ஒழுங்காத்தான் அமுக்கினே. பட்டன் மறைஞ்சு கெடந்துச்சு. நான் வரைஞ்சதுதான் தப்பு."

"இதைச் சொல்ல உனக்கு மூணு வாரமா?"

"ஆமா."

"கண்ணோட மூளையும் போகுது போலன்னு பயந்துட்டு இருந்தேன்டி."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பதினாறாம் தேதிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவளோடு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும்.