மோடத்தைப் பிடுங்கினாலும் ஓட வேண்டும்

18 மார்ச் 2025, செவ்வாய்

என்னை வேலைக்கு எடுக்கப்போகும் யமுனா மேடம் ஒருவழியாக இறங்கி வந்திருக்கிறார். கம்பெனி விவரமெல்லாம் வைக்கும் டேட்டாபேஸை இங்கிருந்தே க்ளஸ்டரில் நிறுவி, வெள்ளிக்கிழமை முழுவதும் நிற்காமல் ஓட்டிக் காட்டினால் கொல்லிமலை வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். இல்லாவிட்டால் சேலம் அலுவலகம். வாரக் கடைசியில்தான் வீடு. கல்யாணமாகி ஏழு மாதம். போவேனா?

க்ளஸ்டர் என்றால் என்னவென்று என் வீட்டுக்காரர் மணிவண்ணன் கேட்டார். "சென்னையில பத்துக் கம்ப்யூட்டருங்க. கூட்டுப் பண்ணையம். ஒண்ணு படுத்துக்கிட்டா மத்தது பாத்துக்கும்."

"அப்ப நீ எதுக்கு?" குசும்பு.

20 வியாழன்

ஏறிவிட்டது! இந்த இணையத்தில் படம் படமான பக்கம் எதுவும் திறக்கவில்லை. கறுப்புத் திரையில் கட்டளைகளாகத் தட்டினேன். வெறும் எழுத்து, எப்படியோ போய்ச் சேர்ந்தது. சேமிக்க இடம் ஒதுக்கி, கடவுச்சொல் கொடுத்து, கடைசியில் 'ரன்னிங்' என்று வந்தது. அடுப்படிக்கு ஓடி அவரைக் கட்டிக்கொண்டேன். அவர் கையெல்லாம் களி.

நாளை சேலத்தில் ஆறு பேர் பயன்படுத்திப் பார்ப்பார்கள். அவசரத்துக்கு அவர்கள் உள்ளே போக என் லேப்டாப் வழியாகவே பாதை விட்டிருக்கிறேன்.

21 வெள்ளி

போச்சு.

மதியம் இடி. வாசலில் காய்ந்த மிளகை அள்ளிவிட்டு வந்தால் இணைய மோடம் செத்துக் கிடக்கிறது.

"ஏனுங்க, மோடத்தையுமா புடுங்குனீங்க?"

"எல்லாத்தையுந்தான் சாமி. இடி இடிச்சா புடுங்கறதுதான?"

இந்த மலையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். நானும் பிறந்ததிலிருந்து பிடுங்குகிறவள். இருந்தும் திட்டிவிட்டேன். டேட்டாபேஸுக்கு ஒன்றுமில்லை, அதற்குப் போகும் பாதைதான் என் வீட்டோடு அறுந்தது. யார் தப்பு? என் தப்புதான்.

மேடத்திடம் உள்ளதைச் சொன்னேன். "பாதையை க்ளஸ்டர்லயே வைங்க. திங்கட்கிழமை இன்னொரு தடவை பாப்போம்." உயிர் வந்தது.

22 சனி

வைத்தாயிற்று. பதினொரு வரி! முதலிலேயே செய்திருந்தால் என்ன கேடு எனக்கு? அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "களி ஆறுது, சாப்புடு."

24 திங்கள்

காலை ஒன்பது மணி. இடியுமில்லை, மழையுமில்லை. நானே மோடத்தைப் பிடுங்கினேன்.

"கிறுக்கா புள்ள உனக்கு?"

இரண்டு பேரும் மிளகு மூட்டையோடு சோளக்காடு சந்தைக்குப் போனோம். சாயங்காலம் வரை போனையே எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஐந்தரைக்கு மேடம் அழைத்தார். "ஆறு பேரும் நாள் முழுக்க வேலை பாத்துட்டாங்க. நீங்க எங்க இருந்தீங்க?"

"சந்தையிலங்க மேடம்."

சிரித்தார். நான் பஸ் ஸ்டாண்டிலேயே குதித்தேன்.

28 வெள்ளி

நியமனக் கடிதம். பணியிடம்: தேவனூர் நாடு, கொல்லிமலை. மணிவண்ணன் அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று சேலத்துக்கு நான் அடுக்கி வைத்திருந்த பெட்டியைக் காலி செய்து, காய்ந்த மிளகைக் கொட்டி மூடிவிட்டார். என் புடவையெல்லாம் கட்டிலில் கிடக்கிறது. திட்ட மனமில்லை.