பதில் வராவிட்டால் சம்மதம்

மார்ச் 4
புது மேலாளர் வந்து சேர்ந்தார். முதல் கூட்டத்தில் வார்த்தைக்கு வார்த்தை ‘வேகம், வேகம்’ என்றதில், சாப்பாட்டு வேளைக்குள் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. எனக்கு ஏற்கெனவே ‘ஏன் அக்கா’ என்று பெயர். யாராவது ஒரு சர்வரை அணைக்க அனுமதி கேட்டால் ‘ஏன்?’ என்று கேட்கிறேனாம். அதற்குத்தானே சம்பளம்? சர்வர்கள் இருக்கும் கட்டடம் எங்கோ இருக்கிறது. இங்கே பட்டனைத் தட்டினால் அங்கே ஒரு வரிசையே அணைந்துபோகும். அதனால்தான் ஒருவர் கேட்க வேண்டும், இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்று விதி.

மார்ச் 11
வேகம் கூப்பிட்டு அனுப்பினார். “ஒரு ஒப்புதலுக்கு இருபது நிமிஷம் எடுக்கிறீங்கம்மா. மத்தவங்க ஒரே நிமிஷத்துல முடிச்சிடறாங்க.”
“மத்தவங்க படிக்கிறதில்ல சார்.”
சிரித்தார். ஜோக் என்று நினைத்துவிட்டார் போல.

மார்ச் 18
புது விதி வந்துவிட்டது. ஐந்து நிமிடத்துக்குள் யாரும் மறுக்காவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளப்படும். அன்றைக்கு ஒப்புதல் பணியில் இருப்பவர் பெயரில் அது தானாகவே பதிவாகிவிடும். இதற்கு ‘அறிவார்ந்த பாதுகாப்பு’ என்று பெயர் வேறு. வாட்ச்மேன் கண் அசந்தால் கேட் தானாகத் திறந்துகொள்ளும் — ஆஹா, என்ன பாதுகாப்பு!
“நான் பாத்ரூம் போயிருந்தா என்ன சார் ஆகும்?” என்று கேட்டேன்.
“எப்பவும் நெகடிவாவே யோசிக்காதீங்கம்மா.”
எல்லோரும் தலையாட்டிப் பொம்மை மாதிரி தலையை ஆட்டினார்கள்.

மார்ச் 19
இனிமேல் தண்ணீர் குறைவாகக் குடிக்க வேண்டும்.

மார்ச் 23
அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணிக்கு ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் வேலை. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் அவளுடைய திரை, எங்கள் சர்வர்களில்தான் ஓடுகிறது. புது விதியைப் பற்றிச் சொன்னேன்.
“விளையாடறியா?”
“நான் இல்ல அண்ணி. எங்க மேலாளர்தான் விளையாடறார்.”
அண்ணி சிரிக்கவில்லை.

ஏப்ரல் 2
நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.
காலையில் ‘பாதுகாப்பு விழா’. புது விதி வெற்றியாம், அதற்கு ஒரு கேக். கவனம் சிதறக் கூடாது என்று எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு தட்டில் போட்டார் வேகம்.
“சார், இன்னைக்கு ஒப்புதல் டியூட்டி நான்தான். போன் என்கிட்ட இருக்கணும், யாராவது அனுமதி கேட்டா அதுலதான் மணி அடிக்கும்.”
“அரை மணி நேரம்தாம்மா. ஒண்ணும் ஆகாது, வைங்க.”
வைத்தேன். அதே நேரம் வீட்டிலிருந்து வேலை பார்த்த மாப்பிள்ளை — எப்போதும் சட்டை மடிப்புக் கலையாமல் வருவதால் அந்தப் பெயர் — பழைய வரிசை ஒன்றை அணைக்க அனுமதி கேட்டிருக்கிறான். வரிசை எண்ணில் ஒரு இலக்கம் தப்பு. ஐந்து நிமிடம் மறுப்பு இல்லை. அணைந்துவிட்டது. நாங்கள் இங்கே கை தட்டிக்கொண்டிருந்ததில் என் போன் ஒலித்தது யாருக்கும் கேட்கவில்லை. தட்டில் கிடந்த போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலற ஆரம்பித்தபோதுதான் வேகம் பேச்சை நிறுத்தினார்.
அணைந்தது ஆம்புலன்ஸ் மையத்தின் வரிசை. திரும்ப ஓடவைக்க முக்கால் மணி நேரம் ஆனது.
சாயங்காலம் அண்ணி கூப்பிட்டாள். “ஒவ்வொரு டிரைவருக்கா போன் பண்ணி, எங்கப்பா இருக்கேன்னு கேட்டேன்டி. ஒரு பொண்ணு மாடிப்படியிலயே பெத்துட்டா. ரெண்டு உயிரும் பொழச்சுது. உங்க ஆபீஸ் புண்ணியத்துல இல்ல.”

ஏப்ரல் 4
விசாரணை. திரையில் கொட்டை எழுத்தில்: ‘ஒப்புதல் அளித்தவர்’ — என் பெயர்!
நான் எங்கடா ஒப்புதல் கொடுத்தேன் பாவிங்களா? போனைப் புடுங்கி வச்சுக்கிட்டு என் பேர்லயே எழுதிப்பீங்களா?
இதை அங்கே சொல்லவில்லை, இங்கேதான் எழுதுகிறேன். அங்கே மரியாதையாகத்தான் சொன்னேன். விசாரணை அதிகாரி கண்ணாடியைத் துடைத்தபடி, “ஆனா நீங்க மறுக்கவும் இல்லையேம்மா” என்றார். வேகம் தன் நகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். என் வேலை போய்விடும் என்றுதான் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள்.

ஏப்ரல் 5
மாப்பிள்ளை வந்து கண் கலங்கினான். “தப்பா இருந்தா நீங்க புடிச்சிடுவீங்கன்னு நினைச்சேன்க்கா.”
திட்டத்தான் வாயைத் திறந்தேன், வரவில்லை. அவன் என்னை நம்பினான். வேகம் அவனை நம்பினார். சர்வர் யாரையும் நம்பவில்லை, சொன்னதைச் செய்தது.

ஏப்ரல் 9
விதிகளை மாற்றவும் அதே திரையில்தான் அனுமதி கேட்க வேண்டும். கொடுக்க வேண்டியவர் வேகம். ஐந்து நிமிடக் கணக்கை அதற்கும் சேர்த்தே போட்டு வைத்திருக்கிறார் மகானுபாவர்!
கேட்டேன். ‘பதில் வராததை ஒப்புதலாகக் கொள்ளும் விதியை நீக்க வேண்டும்.’ காரணத்தை ஒளிக்காமல் பக்கம் பக்கமாக எழுதினேன். எதிரே கண்ணாடி அறையில்தான் இருந்தார். அவர் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தார், கீழே வைத்தார், காப்பியைக் குடித்தார்.
ஐந்து நிமிடம் ஆனதும் விதி நீங்கியது. ஒப்புதல் அளித்தவர்: வேகம்.

ஏப்ரல் 10
“இதுக்கு யார் ஒப்புதல் கொடுத்தது?” என்று கத்திக்கொண்டே வந்தார்.
“நீங்கதான் சார்.”
“நான் எங்கம்மா கொடுத்தேன்? நான் அதைப் படிக்கவே இல்லையே!”
எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.
“அதை அப்படியே விசாரணையில சொல்லிடுங்க சார்.”

ஏப்ரல் 26
படிக்காமலேயே ஒப்புதல் பதிவாகும் என்று விசாரணையில் ஒத்துக்கொண்டார்கள், என் வேலை போகவில்லை. வேகமும் எங்கேயும் போகவில்லை. இப்போது அவருக்கு ‘பாதுகாப்புக் குழுத் தலைவர்’ பதவி. மாப்பிள்ளை வரிசை எண்ணை வாய்விட்டு இரண்டு முறை படித்துவிட்டுத்தான் என்னிடம் அனுப்புகிறான். அண்ணி போன வாரம் சிரித்துப் பேசினாள்.
அந்த நாளின் பதிவில் மட்டும் இன்னும் என் பெயர் அப்படியே நிற்கிறது. அதை நீக்கச் சொல்லி விண்ணப்பித்திருக்கிறேன். பழைய விதி இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் நீங்கியிருக்கும். இப்போது வேகம் படித்துப் பார்த்துத்தான் ஒப்புதல் தர வேண்டும். இன்று கேட்டேன்.
“படிச்சிட்டே இருக்கேன்மா” என்றார்.
படிக்கட்டும்.