நல்ல கை வந்தால் மரியாதை

ஸ்வெட்டர் பையில் ஒரு தேயிலைக் கொட்டை. குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடுகிறது. காய்ந்துவிட்டது.

நம் போக்கர் போட்டிக்கு இதுதான் காசு. சித்திரை லீவுக்கு நோர்வூட்டில் உன் வீட்டு முன்னறையில் ஒன்றாய்ப் படித்த நம் கம்பஸ் கூட்டம் சேரும். ஆளுக்கொரு சிரட்டை நிறையக் கொட்டை. சிரட்டை காலியானவன் எழுந்து போய் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். கடைசிவரை தாக்குப்பிடிப்பவனுக்கு, உன் அப்பா ஓட்டப் போட்டியில் வாங்கிய, காது உடைந்த கிண்ணம். அது உன் வீட்டைவிட்டு நகர்ந்ததே இல்லை.

நான் கணக்குப் படித்தவன். நல்ல கை வந்தால் எவ்வளவு வைப்பது? அதிகம் வைத்தால் எதிராளி ஓடிவிடுவான். குறைத்து வைத்தால் மலிவாக இன்னொரு சீட்டைப் பார்த்து நம்மையே வீழ்த்துவான். ஓடாத அளவு, ஆனால் வலிக்கிற அளவு. அதைத் தேடினேன். ஐந்து வைத்தேன், ஆட்டத்தை விட்டுச் சீட்டைக் கவிழ்த்தாய். ஐம்பது வைத்தேன், கவிழ்த்தாய். சீட்டு ஒன்றும் சேராத என் வெறுங்கைகளை மட்டும் விடாமல் துரத்தினாய்.

"எப்பிடிடா தெரியுது?"

"மூஞ்சியில எழுதியிருக்கு."

மப்ளரால் முகத்தை மூடிக்கொண்டு ஆடினேன். அப்போதும் கவிழ்த்தாய். அறையே சிரித்தது.

கிண்ணம் போகட்டும். எனக்கே தெரியாத என்னை நீ தெரிந்து வைத்திருந்தாய். அதில்தான் வயிறு எரிந்தது.

நீ போன பிறகு வந்த முதல் சித்திரை. செல்விதான் கூப்பிட்டாள். நம்மோடு படித்தவள், உன்னைக் கட்டியவள். "அவன் இல்லேன்னு ஆட்டத்த நிப்பாட்டுனா வீடு இன்னும் பெருசாயிரும். வாங்கடா எல்லாரும்."

இத்தனை வருடம் உன் தோளுக்குப் பின்னால் இருந்து பார்த்ததோடு சரி. இம்முறை உன் இடத்தில் உட்கார்ந்தாள். கடைசியில் அவளும் நானும்.

எனக்கு மூன்று ராஜா, இரண்டு ஒன்பது. இதைவிட நல்ல கை எனக்கு வந்ததில்லை. மொத்தத்தையும் தள்ளினால் பயந்துவிடுவாள். பாதியை மட்டும் எண்ணி, தயங்குவதுபோல் நகர்த்தினேன். கிண்ணம் எட்டும் தூரத்தில் இருந்தது.

"நீங்க சொல்லுங்க, செல்வி."

சிரித்தாள். கவிழ்த்தாள்.

"என்னடா, 'சொல்லுங்க'வா? நல்ல கை வந்தா ஒனக்கு மரியாதை வந்துருமாமே. வாங்க, போடுங்கன்னு. அவன் சொல்லியிருக்கான்."

அதன் பிறகு வாயைத் திறக்கவே பயமாயிருந்தது. பேசாததையும் அவள் படித்தாள். என் சிரட்டை காலியானது.

அடுப்படியில் நின்றேன். எனக்குச் சொல்லாததை அவளுக்குச் சொல்லியிருக்கிறாய். எப்போது? பஸ்ஸில் வரும்போதா, துணி காயப்போடும்போதா? உன்னுடையது எல்லாம் அவளுக்கு என்பது நியாயம். என்னுடையதும் அவளிடமா? தண்ணீர் கொதித்துப் பாதியாய் வற்றியது.

"தேயில கிள்ளப் போயிட்டியா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

நாக்கைத் திருத்திக்கொள்வது சுலபம். திருத்தப் போவதில்லை. அடுத்த சித்திரையிலும் அவள் கவிழ்க்கட்டும். அந்த ஒரு நொடி என்னைப் பார்ப்பது நீதான்.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். முதலிலிருந்தே உன்னை 'நீ' என்றுதான் எழுதியிருக்கிறேன். நீ இருந்தால் கண்டுபிடித்திருப்பாய்.

வெறுங்கை.