அப்பாவின் பிடரியில் விழுந்த வெயில்

அன்புள்ள மகள் வாலுவுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. நானும் அப்பாவும் நலம். இத்தனை வருஷமாக இந்த வரியைக் கைப்பழக்கத்தில் எழுதி வந்தேன், இந்தத் தடவை டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு எழுதுகிறேன், ஆகவே நம்பிப் படி. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, பாலம் கட்டுகிற இடத்தில் ஒதுங்க நிழல் இருக்கிறதா என்பதெல்லாம் கடைசியில் கேட்கிறேன். முதலில் அப்பா சமாச்சாரம். நீ அங்கே தனியாக உட்கார்ந்து பயப்படுவாய் என்று எல்லாம் முடியும்வரை மூச்சு விடவில்லை, கோபித்துக்கொள்வதானால் என்னைக் கோபித்துக்கொள், அவரை விட்டுவிடு.

அப்பாவுக்குப் பிடரி முடியை நான்தானே கத்தரித்து விடுவேன், அப்படி ஒரு நாள் கத்தரிக்கும்போது விரலில் சொரசொரவென்று ஏதோ பட்டது, ஈரத்தோலில் மணல் ஒட்டியிருக்கிற மாதிரி. குனிந்து பார்த்தால் கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, லேசாகச் சிவந்த ஒரு திட்டு, அதன்மேல் மெல்லிய செதில், அவ்வளவுதான். சொன்னதற்கு, பெயிண்ட் சொட்டி இருக்கும், விடு என்றார். காலமெல்லாம் சுவருக்கு வர்ணம் அடித்த உன் அப்பாவுக்கு உலகத்தில் உள்ள எல்லாமே ஒன்று பெயிண்ட், இல்லை பெயிண்ட் அடிக்காத இடம். இரண்டு நாள் கழித்துக் குளியலறைக் கதவைத் திறந்தால், மனிதர் கையைப் பின்னால் வளைத்து உப்புத்தாளால் பிடரியைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார். சுவர் தேய்க்கிற அதே உப்புத்தாள். என்ன அநியாயம் இது என்று கேட்டால், "சொரசொரன்னு இருந்தா தேய்க்கணும், இது கூடவா தெரியாது" என்கிறார். தேய்த்ததும் வழவழவென்று ஆனது, அடுத்த வாரமே அதே இடத்தில் மறுபடி முளைத்தது. அவர் இன்னும் நைசான தாள் தேட ஆரம்பித்தார். சுவரில் தேய்த்தது திரும்ப முளைக்காதே.

இழுத்துக்கொண்டு போகாத குறையாகத் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அப்பா உர்ரென்று உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா விளக்கு வைத்துப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் பிடரி, காதுமடல், பின்மண்டை, புறங்கை என்று மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். உன் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். பட்டி பூசிய சுவரை அவரும் அப்படித்தானே கண்ணை மூடித் தடவிப் பார்ப்பார். இந்தத் திட்டுகள் கண்ணில் படுவதற்கு முன்னால் விரலில் பட்டுவிடும் என்று டாக்டர் சொன்னார். இது புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தைய நிலை, பெரும்பாலானவை இப்படியே இருந்துவிடும், சில மட்டும் அந்தப் பக்கம் போய்விடும், எது போகும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது, ஆகவே எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்றார். காதுக்குப் பின்னால் ஒன்று மட்டும் தடித்து, அழுத்தினால் வலித்தது. அதில் துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

இதில் ஒரு அதிசயம் கேள். அவர் முகத்தில் ஒரு திட்டு கூட இல்லை. ஏன் என்று கேட்டதற்கு டாக்டர், இவர் சுவரைப் பார்த்து நின்றார், வெயில் இவர் முதுகுப் பக்கம் நின்றது என்றார். அதுவும் இந்த வருஷத்து வெயில் இல்லையாம், எப்போதோ அடித்தது. நாம் அன்றைக்கே குளித்துக் கழுவிவிட்டோம் என்று நினைத்த வெயிலைத் தோல் இத்தனை காலம் உள்ளே வைத்திருந்திருக்கிறது.

தடித்த சிலவற்றைப் புகை பறக்கிற ஏதோ ஒரு குளிர்திரவத்தால் உறைய வைத்தார்கள். வெயில் செய்ததைக் குளிர் அழிக்கிறது பார். மற்ற இடம் முழுக்கத் தடவ ஒரு களிம்பு. கைக்கு எட்டாத இடம், ஆகவே நான்தான் கையுறை மாட்டிக்கொண்டு காலையும் இரவும் தடவினேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, நான் தினம் பார்த்து ஒன்றுமே இல்லை என்று நினைத்த இடமெல்லாம் சிவந்து எழும்பியது. களிம்பு நல்ல தோலைத் தொடவில்லை, பக்கத்தில் ஒளிந்திருந்ததை மட்டும் தேடித் தேடிப் பிடித்தது. கண்ணாடியில் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "உள்ள ஈரம் ஓடியிருக்கு, சுவர் இப்பத்தான் காட்டுது" என்றார். அப்புறம் எரிச்சலில் குப்புறப் படுத்துக்கொண்டு, போதும் நிறுத்து என்றார். எனக்கும் நிறுத்திவிடத்தான் தோன்றியது. போன் செய்தபோது நர்சம்மா, சிவந்து புண்ணாகி உதிர்ந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், சீழோ காய்ச்சலோ வந்தால் உடனே வாங்க, இல்லாவிட்டால் சொன்ன நாள்வரை தடவுங்க என்றார். தடவினேன், அவரும் பல்லைக் கடித்துக்கொண்டார். பிடரி ரணமாக இருந்த அந்த வாரத்தில்தான் காதுப்பின் சோதனை முடிவும் வந்தது. இன்னும் அந்தப் பக்கம் தாண்டவில்லை. படித்துக் காட்டச் சொல்லி மூன்று பேரிடம் கேட்டேன், உன் அப்பா சிரித்தார், நான் அழுதேன்.

இப்போது பொருக்கெல்லாம் உதிர்ந்து கைக்குழந்தையின் தோல் மாதிரி இளஞ்சிவப்பாக இருக்கிறது. புதிதாக முளைக்கலாம், ஆகவே விடாமல் பார்த்து வர வேண்டுமாம். பிடரியை மறைக்கிற தொப்பி, முழுக்கைச் சட்டை, வெயில் களிம்பு எல்லாம் கட்டாயம். தொப்பியில் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீர்கள் என்றேன், இரண்டு நாளாகக் கழற்றவில்லை.

கடைசித் தடவை போனபோது, இதை முதலில் கண்டுபிடித்தது யார் என்று டாக்டர் கேட்டார். என் வீட்டுக்காரம்மா என்று சொல்லும்போது உன் அப்பாவுக்கு அத்தனை பெருமை. திரும்பி வரும் வழியில், சாலையைக் கடக்கப் போன இடத்தில் நின்றுவிட்டார். "அவளுக்கு என் தோலு. அவளும் வெயில்லதான் நிக்கிறா. அங்க அவ பின்னாடி பாக்க யாரு இருக்கா" என்று கேட்டார். உன்னைத்தான் சொன்னார், கண்ணு. வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நோய் நொடி அண்டாமல், நிழலும் துணையுமாக நீ நெடுங்காலம் வாழ வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம். கண்ணை மூடிக்கொண்டு காது, பிடரி, கை எல்லாம் விரலால் தடவிப் பார். உப்புத்தாள் பக்கம் போகாதே. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வரும்போது முகத்தைக் காட்ட வேண்டாம். மீதியை அப்பாவே கீழே எழுதுகிறார்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்க்கிறேன். அவசரப்படுத்தாதே. அப்பா.