கறுவல் என் கையால் தின்னவில்லை

அக்கா,

சுட்ட கருவாட்டு மணம் வளவு முழுக்க நிற்கிறது. வேறு நாயென்றால் இந்நேரம் அடுப்படியில் வந்து நின்றிருக்கும். உங்கள் கறுவல் வேலியோரம் படுத்துக்கொண்டு என் கையையே பார்க்கிறது.

இலங்கைத்துறை வள்ளக்காரர் நேற்று அதைக் கயிற்றோடு கொண்டுவந்து தந்தார். "காய்ச்சலிலை அந்த அப்பக்கார மனுசி போய்ச் சேந்திட்டுது, தம்பி. நாயை உங்களட்டைத்தான் குடுக்கச் சொன்னவ. வேறை ஒருத்தரையும் நம்பேலாதாம்" என்றார். வந்ததிலிருந்து தண்ணீர் மட்டும் குடிக்கிறது. வைத்த சோற்றை மோந்துகூடப் பார்க்கவில்லை. பார்க்காது. என் கையால் வரும் எதையும் தின்னக்கூடாது என்று அதைப் பழக்கியவர்கள் நீங்களும் நானும்தான். அது தெரிந்தும் என்னிடம் அனுப்பியிருக்கிறீர்கள். இப்படியே கிடந்தால் செத்துப்போகும்.

திருகோணமலையில் குண்டு விழுந்தபோது உங்கள் கணவர் மட்டக்களப்புப் பக்கம் போனார். திரும்பி வரவில்லை. ஒழுங்கையில் பாதிச் சனம் ஓடியது, நீங்கள் ஓடவில்லை. "வீட்டை விட்டால் கூரை ஓட்டையும் கழட்டிக்கொண்டு போயிடுவாங்கள்" என்றீர்கள். சுற்றிவர வெள்ளைக்காரரின் பட்டாள முகாம். குடித்துவிட்டு வழி தவறி வரும் சிப்பாய்கள். அப்பம் சுட்டு விற்றுத் தனியே இருந்த உங்களுக்குக் கதவும் பூட்டும் அந்த நாய்தான். யாராவது ஒரு துண்டு இறைச்சியால் அந்தப் பூட்டைத் திறந்துவிடுவார்கள் என்று நீங்கள் சந்தேகப்பட்டீர்கள். சந்தேகப்படாதவர் அந்த நாட்களில் முட்டாள்.

எங்கள் ஒழுங்கையில் நாய்க்கென்று யார் சமைத்தார்கள்? மிஞ்சினதைக் கொட்டுவார்கள், எந்த நாயும் எந்த வீட்டு வாசலிலும் தின்னும். அரிசியைக் கூப்பனுக்கு அளந்து கொடுக்கத் தொடங்கியபிறகு மிஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. நாய்கள் முகாமின் குசினிக் கழிவு கொட்டும் கிடங்குக்குப் போய்க் கொழுத்தன. நாங்கள் கூப்பன் கடை வாசலில் நின்று மெலிந்தோம். கறுவலை மட்டும் நீங்கள் போக விடவில்லை. குரக்கன் களியை மீன்தலை அவித்த தண்ணீரில் பிசைந்து, முள் எடுத்து, உப்புப் போடாமல் மத்தியானம் வைப்பீர்கள். "ஒரு கை, ஒரு சட்டி, ஒரு நேரம்" என்பீர்கள். நீங்கள் "தின்" என்று சொல்லும் வரைக்கும் அது எச்சில் வடித்துக்கொண்டு இருக்கும்.

அதன்பிறகுதான் என்னைக் கூப்பிட்டீர்கள். சுட்ட கருவாட்டுக்குள் பச்சைமிளகாயை அரைத்து வைத்து வேலிக்கு மேலால் எறிவது என் வேலை. கறுவல் கடித்துத் தும்மி, தலையை மண்ணில் தேய்க்கும். "விடு" என்பீர்கள். விட்டால் உங்கள் கையால் நல்ல துண்டு கிடைக்கும்.

"எறி தம்பி, கள்ளன் எறியிற மாதிரி எறி. சாமிக்குப் பூப்போடுற மாதிரிப் போடாதை."

"அக்கா, உங்கடை நாய் கடைசியிலை என்னைத்தான் கடிக்கப்போகுது."

"கடிச்சால் பழகீட்டுது எண்டு அர்த்தம்."

கடிக்கவில்லை. ஆனால் போகப்போக நான் எறிவதைப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உங்களிடம் போகப் பழகிவிட்டது. கள்ளனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்து உறுமும். முதல்முதல் அப்படி உறுமிய அன்றைக்கு நீங்கள் கைதட்டிச் சிரித்தீர்கள்.

பிறகு அந்தக் காலை வந்தது. ஒழுங்கை முழுக்க நாய்கள் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தன. வாய்க்காலோரம் தகர ரின்னில் அடைத்து வரும் இறைச்சித் துண்டுகள். ரின் இறைச்சி எங்களில் யார் வீட்டில் இருந்தது? முகாமில்தான் இருந்தது; கிடங்கைக் கிளறும் நாய்கள் அவர்களுக்குத்தான் தொல்லை. ஆனால் முகாமுக்கு முட்டை கொடுக்கும் முதலாளி உங்கள் படலையடியில் வந்து நின்றுதான் கத்தினார். அவருடைய நாயும் செத்திருந்தது.

"எல்லா நாயும் செத்துப்போச்சு. இவளின்ரை நாய் மட்டும் எப்பிடித் தப்பினது?"

"முதலாளி, நீங்களே ஒண்டு எறிஞ்சு பாருங்கோவன்" என்றீர்கள். அவர் வீட்டிலிருந்து பொரித்த மீன் எடுப்பித்து எறிந்தார். கறுவல் மோந்தது; முகத்தைத் திருப்பியது. நீங்கள் பெருமையாகச் சனத்தைப் பார்த்தீர்கள்.

"பாத்தீங்களே?" என்றார் அவர். "நஞ்சு வைக்கப்போறது முதலே தெரியாமல் ஆர் நாயை இப்பிடிப் பழக்குவினம்?"

உங்கள் முகம் செத்ததை நான் பார்த்தேன். "நான்தான் எறிஞ்சு பழக்கினனான்" என்று முன்னால் போனேன். "அப்ப நீயும் கூட்டு" என்றார். முகாம் வாசலில் போய்க் கேட்போம் என்றேன். ஒருவரும் அசையவில்லை. ஒருவனுக்கு அங்கே கூலி வேலை, இன்னொருத்திக்கு அங்கத்தைய உடுப்புத் தோய்க்கும் வேலை. அவருக்கு முட்டை.

மறுநாள் உங்கள் அப்பம் விற்கவில்லை. முன்வீட்டுக்காரி வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, "குறை நினையாதேங்கோ அக்கா, பிள்ளையள் தின்னுறது, பயமாயிருக்கு" என்றாள். நாயைப் பழக்க எங்களுக்குக் கிழமைக் கணக்கானது. சனத்தைப் பழக்க முதலாளிக்கு ஒரு காலை போதுமாயிருந்தது.

அப்ப மாவு புளித்து வீணாகி, அடுப்பு ஆறிய பிறகுதான் வீட்டைப் பூட்டிக்கொண்டு, இலங்கைத்துறையில் தமையன் வீட்டுக்கு வள்ளம் ஏறினீர்கள். குண்டுக்கு விடாத வீடு. நீங்கள் போய்க் கொஞ்ச நாளில் முகாம்காரர் அதில் சாமான் அடுக்கினார்கள். அந்த வீட்டை முதலே அவர்களுக்குக் காட்டிக் கொடுத்தது யார் என்று நான் யோசிக்காத நாளில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு எழும்பிப்போய்ப் பார்த்தேன். சோறு அப்படியே இருந்தது. கூப்பன் அரிசி, எனக்குக் கோபம் வந்தது. நாய்மேல் இல்லை. சட்டிக்கு முன்னால் குந்தி, அந்த உப்பில்லாத சோற்றை நானே அள்ளித் தின்றேன். நாலு வாய் போயிருக்கும். கறுவல் எழும்பி வந்தது. சட்டியை மோக்கவில்லை, என் வாயை மோந்தது. நான் அசையாமல் இருந்தேன். பிறகு தலையைக் குனிந்து தின்றது, அக்கா. ஒவ்வொரு வாய்க்கும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. நான் விழவில்லைத்தானே என்று பார்த்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து மிச்சத்தை எழுதுகிறேன். அந்தப் பார்வை என்னோடு வேலைக்கும் வருகிறது. இன்று துறைமுகத்தில் கூலியாட்களுக்கு ரின் இறைச்சி பங்கு வைத்தார்கள். புது முதலாளி ஒருவரின் அன்பளிப்பாம். என் முறை வந்ததும் என் பங்கைக் கங்காணியிடம் நீட்டினேன்.

"ஐயா, முதல் நீங்கள் ஒரு வாய் தின்னுங்கோ."

வரிசை முழுக்கச் சிரித்தது. "உனக்கென்ன விசரே?" என்று கங்காணியும் சிரித்தார். ஆனால் தின்னவில்லை.

நானும் தின்னவில்லை, அக்கா.